'என்றால் சரியல்ல': ஒரு வழக்குக் கட்டை வாசித்தல்

சின்னய்யாவின் வழக்குக் கட்டு கட்டுமாவடியில் அவர் வீட்டுப் பரணில் ஒரு மஞ்சப் பையில் கிடக்கிறது. ஜவுளிக்கடைப் பை. எலி கடித்த ஓரம். உள்ளே மனு, எதிர்மனு, ஆஸ்பத்திரிச் சீட்டுகள், ஊனச் சான்றிதழ் நகல், சாட்சி விசாரணையின் நகல், கடைசியாக மடித்து வைத்த ஒரு வெள்ளைத்தாள் ஒப்பந்தம். மொத்தம் நாற்பது பக்கம் இருக்கும். இந்த நாற்பது பக்கத்தை ஓர் இலக்கியப் பிரதியாக வாசிக்க வேண்டும் என்பதுதான் இக்கட்டுரையின் வேலை. "இதெல்லாம் இலக்கியமா?" என்று கேட்பவர்களோடு பிறகு சண்டை போட்டுக்கொள்ளலாம்.

நம் பக்கத்து விமர்சகர்கள்மீதும் எனக்கு ஒரு புகார் உண்டு. தன்வரலாறு, சாட்சியம் என்று முப்பது வருசமாகப் பேசுகிறோம். சேரியிலிருந்து ஒருவர் எழுந்து 'நான்' என்று சொன்னாலே அது பிரதி என்று கொண்டாடுகிறோம். சரிதான். ஆனால் நம் சனங்கள் மிக அதிகமாக 'நான்' என்று சொல்லியிருக்கிற இடம் எது? பத்திரிகையா, புத்தகமா? கோர்ட்டுக் கூண்டு. அரசாங்க அலமாரிகளில் நம் அப்பன், ஆத்தா சொன்ன லட்சக்கணக்கான 'நான்'கள் மூட்டை கட்டிக் கிடக்கின்றன. அதை யாரும் வாசிப்பதில்லை. நானும் வாசிக்கவில்லை, சொந்தச் சின்னய்யாவுடையது கைக்கு வரும்வரை.

நடந்தது இதுதான். 2012 ஐப்பசி. சின்னய்யாவுக்கு அப்போது நாற்பத்தைந்து வயசு. ஐஸ் கம்பெனியில் ஐஸ் பாரை உடைக்கிற மிஷினில் பாரைத் தள்ளிக்கொண்டிருந்தபோது இடது கை பல்லுக்குள் போய்விட்டது. அறந்தாங்கியில் கட்டுப் போட்டு, தஞ்சாவூருக்குக் கொண்டு போய், மணிக்கட்டுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். மிஷினுக்கு மூடி கிடையாது. மூடி போட்டால் வேலை மெதுவாகும் என்று கழற்றி வைத்திருந்தார்கள். ஆறு வருசமாக அங்கே வேலை. சம்பளப் பட்டியல் கிடையாது, வருகைப் பதிவு கிடையாது. நாள் கூலி 250 ரூபாய் கையில் கொடுப்பார்கள், அவ்வளவுதான்.

நான் அப்போது புதுக்கோட்டையில் எம்.ஏ. தமிழ் படித்துக்கொண்டிருந்தேன். குடும்பத்தில் 'எழுதத் தெரிந்தவன்' நான்தான். ஆகவே மனுவின் முதல் வரைவை நான்தான் எழுதினேன். அதில் 'கதியற்ற', 'நிர்க்கதியாய்', 'கண்ணீரும் கம்பலையுமாய்' என்றெல்லாம் எழுதியிருந்தேன். வக்கீல் சிவப்புப் பேனாவால் அடித்தார். "தம்பி, அழுகையெல்லாம் வேணாம். வயசு, கூலி, சதவீதம். இது மூணுதான் வேணும்" என்றார். இலக்கியத் திறனாய்வு பற்றி எனக்குக் கிடைத்த முதல் உருப்படியான பாடம் அதுதான்.

அவர் அடிக்காமல் விட்டதுதான் எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது. 'மனுதாரர் ஒருவரே குடும்பத்தின் வருவாய் ஈட்டுபவர்' என்று எழுதியிருந்தேன். பச்சைப் பொய். சின்னம்மா விடியக்காலை ஏலத்தில் மீன் எடுத்து, ஐஸ் போட்டு, அன்னக்கூடையில் சுமந்து பஸ் ஏறி உள்ளூர்ப் பக்கத்துக் கிராமங்களில் விற்றுவிட்டுப் பொழுது சாயத்தான் திரும்பும். நல்ல நாளில் சின்னய்யாவின் கூலிக்கு மேலேயே கொண்டு வரும். ஆனால் இந்த மனு என்கிற இலக்கிய வகைக்கு ஒரு மரபு உண்டு. ஆண் ஒருவன் உழைப்பான், மற்றவர் எல்லாம் சார்ந்திருப்பார். அந்தச் சட்டகத்துக்குள் சின்னம்மாவை உட்கார வைக்க அவளுடைய கூடையைப் பிடுங்கி எறிந்தேன். பெண் உழைப்பை ஆண் எழுத்து எப்படி அழிக்கிறது என்று எங்கோ மேடையில் பேசுகிற நான்தான் அதைச் செய்தவன். கை போன பிறகு அவரைக் குளிப்பாட்டியது, சோறு பிசைந்து கொடுத்தது, வேட்டி கட்டிவிட்டது யார்? மனுவில் 'உதவியாளர் செலவு' என்று ஒரு பைசா கேட்கவில்லை. 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், பன்னிரண்டு வயதில் விபத்தில் அடிபட்டு முழு ஊனமான காஜல் என்ற சிறுமியின் வழக்கில், வாழ்நாள் முழுக்க இரண்டு உதவியாளர்களுக்கான செலவைக் கணக்கிட்டுத் தந்தது. மொத்தம் 62 லட்சத்து 27 ஆயிரம். அந்தத் தீர்ப்பைப் படித்தபோது சின்னம்மா முகத்தைப் பார்க்க எனக்குத் தயக்கமாக இருந்தது.

மனுவில் கையெழுத்து போட வேண்டிய இடத்தில் நடந்ததையும் சொல்ல வேண்டும். சின்னய்யாவுக்கு எழுதத் தெரியாது. ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா மையைத் தள்ளி வைத்து, தலை நிமிராமல், "ஆம்பளைன்னா இடது பெருவிரல்" என்றார். சின்னய்யா துண்டை விலக்கிக் காட்டினார். குமாஸ்தா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் வலது பெருவிரல் ரேகை வைத்து, பக்கத்தில் அதற்கான காரணத்தை எழுதச் சொன்னார். நான் எழுதினேன்: 'இடது கை இல்லாததால்.' கட்டு முழுவதிலும் உண்மையைச் சுருக்கமாகச் சொன்ன வரி அது ஒன்றுதான்.

இனி சட்டப் பிரதிக்கு வருவோம். 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தில் முதல் அட்டவணை என்று ஒன்று உண்டு. வெள்ளைக்காரன் போட்டது. 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்து பழைய சட்டத்தை விழுங்கிவிட்டது. அட்டவணை மட்டும் சாகாமல் புதிய வீட்டுக்குக் குடிபோய்விட்டது. மனித உடம்பைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் சதவீதம் போட்டிருக்கிறது. ஒரு கை போனால் 60. பெருவிரல் 30. ஆள்காட்டி விரல் 14. நடுவிரல் 12. மோதிர விரலோ சுண்டுவிரலோ 7. கறிக்கடைப் பலகையில் தொடைக்கறி, நெஞ்செலும்பு, ஈரல் என்று விலை எழுதிப் போட்டிருப்பதைப்போல. ஏகலைவனின் பெருவிரல் 30 சதவீதம். துரோணர் மீது வழக்குப் போட்டிருந்தால் அவனுக்கு அதுதான் கிடைத்திருக்கும். ஆனால் அவன் வில்லாளி. அவனுக்குப் போனது நூற்றுக்கு நூறு.

இந்த வாதம் என் கற்பனை இல்லை. 1975இல் பிரதாப் நாராயண் சிங் தேவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது. தச்சருக்கு இடது கை முழங்கைக்கு மேலே போனது. தச்சு வேலையை ஒரு கையால் செய்ய முடியாது. ஆகவே அவருடைய சம்பாதிக்கும் சக்தி முழுசாகப் போயிற்று என்று தீர்ப்பு. 2010 அக்டோபரில் ராஜ்குமார் வழக்கில் அதை இன்னும் விரித்தார்கள். இடது கை போனவருக்கு உடல் ஊனம் 60 சதவீதம் என்று இருக்கலாம். அவர் ஓட்டுநராகவோ தச்சராகவோ இருந்தால் வருமான இழப்பு கிட்டத்தட்ட நூறு. அரசாங்க குமாஸ்தாவாக இருந்தால் வேலையே போகாமலும் இருக்கலாம். நல்ல தீர்ப்பு, தொழிலாளிக்குச் சாதகமான தீர்ப்பு, ஒவ்வொரு தோழரும் பையில் வைத்திருக்க வேண்டிய தீர்ப்பு. ஒரு வாசகனாக எனக்கு ஒரு கேள்வி மட்டும் மிச்சம். இந்த நாட்டில் யார் குமாஸ்தா, யார் பாரம் தள்ளுகிறவன் என்பதை விபத்து தீர்மானிக்கவில்லை. விபத்துக்கு ரெண்டாயிரம் வருசம் முன்பே அது தீர்மானமாகிவிட்டது. சட்டம் அந்த இடத்திலிருந்து கூட்டல் பெருக்கலைத் தொடங்குகிறது.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம், இயக்கத் தோழர்களுக்கும் உதவும். நிரந்தர முழு ஊனம் என்றால் மாதக் கூலியில் 60 சதவீதத்தை, வயதுக்குரிய காரணி எண்ணால் பெருக்க வேண்டும். 45 வயதுக்கு 169.44. சின்னய்யாவின் மாதக் கூலி 7,500. அப்போது சட்டம் ஏற்றுக்கொண்ட உச்சவரம்பு 8,000, ஆகவே உள்ளே அடங்கும். 4,500 பெருக்கல் 169.44. 7 லட்சத்து 62 ஆயிரத்து 480 ரூபாய். இது சின்னய்யாவை 'ஆள்' என்று வாசித்தால். 'கை' என்று வாசித்தால் அதில் 60 சதவீதம்: 4 லட்சத்து 57 ஆயிரத்து 488. எதிர்மனு என்ன சொன்னது? இவர் எங்கள் வேலையாளே இல்லை. ஐஸ் வாங்க வந்தவர் தானாகக் கையை விட்டார். அப்படியே வேலையாள் என்று வைத்துக்கொண்டாலும் மாதம் 3,000தான். அதன்படி 1 லட்சத்து 82 ஆயிரத்து 995. ஒரே கை, மூன்று வாசிப்பு. பிரதிக்கு ஒற்றை அர்த்தம் கிடையாது என்று எங்களுக்கு வகுப்பில் சொல்லிக் கொடுத்தார்கள். அர்த்தத்துக்கு அர்த்தம் வித்தியாசம் இரண்டே முக்கால் லட்சம், மூன்று லட்சம் என்று வரும் என்பதைச் சொல்லவில்லை.

கூலிக்காரன் சம்பளச் சீட்டு காட்ட முடியாது என்பது நீதிபதிகளுக்கும் தெரியும். 2011இல் ராமச்சந்திரப்பா வழக்கில், கூலித் தொழிலாளியிடம் ஆவணம் எதிர்பார்க்க முடியாது, அவர் சொன்ன மாதம் 4,500 நியாயமானதே என்று உச்ச நீதிமன்றம் ஏற்றது. கீழே அவருக்கு 3,000 போட்டிருந்தார்கள். அந்த 1,500க்காக டெல்லி வரை போக வேண்டியிருந்தது.

'ஈடு' என்ற சொல்லைப் பார்ப்போம். தமிழ் படித்தவன் சொல்லில் கை வைக்காமல் இருக்க மாட்டான், பொறுத்துக்கொள்ளுங்கள். வைணவர்களுக்கு ஈடு என்றால் திருவாய்மொழியின் உரை. எங்கள் தெருவில் ஈடு என்றால் அடகு. தோட்டை ஈடு வைப்பது, பத்திரத்தை ஈடு வைப்பது. இழந்ததற்குச் சமமாகக் கொடுப்பதும் ஈடு. ஒரே சொல்லில் விளக்கம், அடகு, சமம் மூன்றும் இருக்கின்றன. வழக்குக் கட்டில் சமம் தவிர மற்ற இரண்டும் இருந்தன.

நம் பேரிலக்கியங்கள் ஈட்டைப் பற்றி நிறையப் பேசியிருக்கின்றன. தமிழில் முதல் சாலை விபத்து வழக்கு மனுநீதிச் சோழனுடையது. பெரியபுராணத்தில் வருகிறது. இளவரசன் தேர் ஏறிக் கன்று சாகிறது, பசு மணியை அடிக்கிறது. தன் மகன்மீது தேரைச் செலுத்துகிறான் அரசன். அதற்கு முன்னால் ஒரு மந்திரி, இந்த வேலையைச் செய்ய மனமில்லாமல் உயிரை விடுகிறான். நம் மேடைகளில் அந்த மந்திரியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பிறகு சிவன் வந்து எல்லோரையும் எழுப்பிவிடுகிறார். கன்று எழுந்துவிட்டதால் ஈடு என்ற பேச்சே அங்கே தேவைப்படவில்லை. ஆட்சியர் அலுவலகத்தில் மனு வாங்குகிற நாளுக்கு 'மனுநீதி நாள்' என்று பெயர் வைத்தவரின் நகைச்சுவை உணர்வை நான் மெச்சுகிறேன். எங்கள் சனத்துக்கு மனுவோடும் பழக்கம், மனுவின் நீதியோடும் பழக்கம்.

பொற்கைப் பாண்டியன் கதை இன்னும் கிட்டே வருகிறது. கீரந்தை வீட்டுக் கதவைத் தட்டிய குற்றத்துக்குத் தன் கையைத் தானே வெட்டிக்கொள்கிறான். பொன்னால் கை வருகிறது, புகழும் வருகிறது. ராஜா கை போனால் பொற்கை. சின்னய்யாவுக்கு அரசாங்க முகாமில் ஒரு பிளாஸ்டிக் கை கொடுத்தார்கள். அது தோளில் அறுத்தது. இப்போது பேரப்பிள்ளைகள் அதை வைத்து விளையாடுகின்றன.

ஆனால் என்னை உறங்கவிடாத இடம் சிலப்பதிகாரத்தில் இருக்கிறது. கோவலனைக் கொன்றது அரசன் ஆணை. அரசன் செத்தான், தேவியும் செத்தாள், மதுரை எரிந்தது. அதற்கும் பிறகு, கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன், கண்ணகிக்கு ஈடாக ஒரே பகலில் ஆயிரம் பொற்கொல்லர்களைப் பலி கொடுத்தான் என்று வருகிறது. குற்றம் செய்த பொற்கொல்லன் ஒருவன். தீர விசாரிக்காதது அரச இயந்திரம். ஈடு கட்டியது ஆயிரம் கைவினைஞர் உயிர். பாடநூல் உரையில் இதை 'சாந்தி செய்தான்' என்று ஒரு வரியில் கடந்துபோனோம். பரீட்சையிலும் யாரும் கேட்கவில்லை. மேலே நடக்கும் தவறுக்குக் கீழே இருப்பவன் உடம்பால் ஈடு கட்டுவது என்பது நம் செவ்வியல் மரபில் குற்றமாகவே தோன்றவில்லை.

இன்றைய தீர்ப்புகளில் அது இல்லையா? 1989 மார்ச் 3 அன்று ஜாம்ஷெட்பூரில் டாடா உருக்காலையின் நிறுவனர் நாள் விழாவில் தீப்பிடித்துப் பலர் மாண்டார்கள். குழந்தைகளும். லதா வாத்வா வழக்கு, 2001. பத்து முதல் பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கு ஈடு கணக்கிட்டபோது, கம்பெனி ஊழியரின் பிள்ளை என்றால் ஆண்டுக்கு 24,000, வெளியாளின் பிள்ளை என்றால் 12,000 என்று அடிப்படை வைத்தது உச்ச நீதிமன்றம். காரணம், ஊழியரின் ஒரு பிள்ளைக்கு அங்கே வேலை தரும் வழக்கம் இருந்ததாம். அதே 2001இல் இன்னொரு தீர்ப்பு: பதான்கோட் அருகே ஒரு பள்ளியின் 14 மாணவர்கள் 1995இல் பியாஸ் ஆற்றில் மூழ்கி இறந்த வழக்கு. ஆளுக்கு 5 லட்சம் உறுதியானது. வசதியான குடும்பத்துப் பிள்ளைகள் என்பதும் அங்கே கணக்கில் வந்தது. அப்பன் தொழிலை வைத்துப் பிள்ளையின் விலை. இதற்கு நம் ஊரில் வேறு பெயர் உண்டு. நீதிபதிகள் அந்தப் பெயரை நினைத்திருக்க மாட்டார்கள். நல்ல மனசோடுதான் எழுதியிருப்பார்கள். ஆனால் இந்தச் சூத்திரத்தைச் சாக்கடைக்குள் இறங்குகிறவரின் பிள்ளைக்குப் போட்டுப் பாருங்கள், என்ன விடை வருகிறதென்று. சாக்கடைச் சாவுக்கு 2014இல் 10 லட்சம் என்றும், 2023 அக்டோபரில் 30 லட்சம் என்றும், நிரந்தர ஊனத்துக்குக் குறைந்தது 20 லட்சம் என்றும் உச்ச நீதிமன்றம் சொன்னது. அங்கே வயசும் கூலியும் பார்க்காமல் ஒரே தொகை. அந்த ஒன்றுக்காகவே அத்தீர்ப்புகளை மதிக்கிறேன்.

கடற்கரைக்காரன் என்பதால் இன்னொரு பிரதியையும் தொடாமல் விட முடியாது. சின்னய்யாவுக்குக் கை போன அதே 2012இல், பிப்ரவரி 15 அன்று, கேரளக் கடலில் 'என்ரிகா லெக்ஸி' கப்பலிலிருந்து இத்தாலியக் கடற்படை வீரர்கள் சுட்டதில் 'செயின்ட் ஆன்டனி' படகில் இரண்டு மீனவர் இறந்தார்கள். ஒருவர் கொல்லம், ஒருவர் குமரி மாவட்டம். எங்கள் ஏலக் கொட்டகையில் அன்றைக்கு வேறு பேச்சில்லை. 2020 மே மாதம் சர்வதேசத் தீர்ப்பாயம் இத்தாலி ஈடு தர வேண்டும் என்றது. உயிரிழப்பு, படகுச் சேதம் மட்டுமல்ல, படகிலிருந்த தொழிலாளர் பட்ட மன வேதனைக்கும் சேர்த்து. பிறகு 10 கோடி என்று பேசி முடித்தார்கள். 2021இல் பிரித்த விதம்: இறந்தவர் குடும்பங்களுக்கு தலா 4 கோடி. படகு உரிமையாளருக்கு 2 கோடி. குண்டுக்கு நடுவே கிடந்து உயிர் பிழைத்த மற்ற ஒன்பது தொழிலாளிகள்? பட்டியலில் இல்லை. மரப்படகுக்கு வேதனை இருந்தது, அதிலிருந்த மனுசனுக்கு இல்லை. அவர்கள் வழக்குப் போட்டு, 2022 நவம்பரில் உரிமையாளரின் பங்கிலிருந்து ஆளுக்கு 5 லட்சம் என்று உச்ச நீதிமன்றம் தீர்த்தது. உரிமையாளர்மீது எனக்குக் கோபமில்லை. அவர் பேர் பட்டியலில் இருந்தது. கூலிக்குப் போனவர்கள் பேரை எழுதிச் சேர்க்கப் பத்து வருசம் ஆயிற்று என்பதுதான் விசயம்.

சின்னய்யா வழக்கு அவ்வளவு நாள்கூட நிற்கவில்லை. மனு போட்ட மறுவாரம் சின்னம்மா கூடையோடு ஐஸுக்குப் போனாள். "ஒங்க ஆளுகளுக்கு இனி ஐஸ் கெடையாது" என்றார்கள். கேஸ் போட்டது ஒரு ஆள், ஐஸ் நின்றது தெருவிலிருந்து மீன் விற்கப் போகிற பதினோரு பெண்களுக்கு. ஐஸ் இல்லாமல் மத்தியும் கணவாயும் பத்து மணி தாண்டாது. எட்டு கிலோமீட்டர் தள்ளிப் போய் ஐஸ் வாங்கினார்கள், பஸ்ஸில் பாதி உருகிப்போகும். சாட்சி விசாரணை முடிந்து, வாய்தா மேல் வாய்தாவாக இழுத்து, ரெண்டாவது கோடையில் தெருவே சின்னய்யா வீட்டு வாசலில் வந்து நின்றது. யாரும் சத்தம் போடவில்லை. ஒரு கிழவி மட்டும், "கை போனது ஒனக்கு. கூட போறது எங்களுக்குமுல்ல அப்பு" என்றாள். வெள்ளைத்தாளில் 90,000 ரூபாய் பெற்றுக்கொண்டதாக வலது பெருவிரல் ரேகை. இனி எந்த உரிமையும் கோர மாட்டேன் என்று வாசகம். அப்படி எழுதி வாங்குவது அந்தச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி செல்லாது. சமரசம் என்றால் ஆணையரிடம் பதிவு செய்ய வேண்டும், தொகை குறைவென்றால் அவர் பதிய மறுக்கலாம். எனக்கு இதெல்லாம் அப்போதே தெரியும். சொல்லவும் சொன்னேன். "செல்லாதுன்னு ஐஸ்கிட்டப் போயிச் சொல்லு" என்றார் சின்னய்யா.

இனி அந்தச் சாட்சி நகல். தமிழில் இதைப்போல ஒரு வடிவம் வேறெங்கும் இல்லை. எதிர்த்தரப்பு வக்கீலின் குறுக்கு விசாரணையில் கேள்விகள் எழுதப்படுவதில்லை. பதில் மட்டும்தான். ஆனால் அந்தப் பதிலுக்குள் கேள்வி முழுசாக உட்கார்ந்திருக்கும். 'நான் எதிர்மனுதாரரிடம் வேலை பார்க்கவில்லை என்றால் சரியல்ல. நான் சம்பவத்தன்று மது அருந்தியிருந்தேன் என்றால் சரியல்ல. என் கவனக்குறைவால்தான் கை போனது என்றால் சரியல்ல. பணம் பறிக்கும் நோக்கில் பொய் வழக்கு போட்டுள்ளேன் என்றால் சரியல்ல.' ஒன்றரைப் பக்கம். இலக்கணப்படி எழுவாய் சின்னய்யா. வாக்கியத்தில் முக்கால் பங்கு வக்கீலின் சொல். கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கிற 'சரியல்ல' மட்டும் இவருடையது. அதுவும் இவர் வாயில் வந்த சொல்லில்லை, தட்டச்சரின் சொல். எங்கள் தெருவில் யாரும் 'சரியல்ல' என்று பேசிக் கேட்டதில்லை. முதல் ஆளில் எழுதப்பட்ட, தன் மீதான வசையைத் தானே சொல்லி மறுக்க வேண்டிய ஒரு தன்வரலாறு.

போன மாசம் ஊருக்குப் போயிருந்தபோது இந்தக் கட்டுரைக்காகப் பையை இறக்கினேன். சின்னய்யா திண்ணையில் உட்கார்ந்து ஒற்றைக் கையால் வலை நூல் பிரித்துக்கொண்டிருந்தார். "என்னத்தடா வாசிக்கிற?" என்றார். நீங்க கோர்ட்டுல சொன்னது என்றேன். வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். குடித்திருந்த இடம் வந்ததும் நிறுத்தினார்.

"நான் அப்படிச் சொல்லலையே."

பின்னே என்ன சொன்னீங்க என்றேன்.

"அன்னைக்கு விடியக்காலையிலருந்து பச்சத்தண்ணி பல்லுல படல சாமி, லோடு நின்னுச்சு, எங்கிட்டுக் குடிக்கிறதுன்னு சொன்னேன். அந்த வக்கீலு சிரிச்சாரு. அது எங்க இருக்கு பாரு."

முன்னும் பின்னும் புரட்டினேன். இல்லை. "நல்லாப் பாரு" என்றார். மறுபடி பார்த்தேன். சின்னம்மா உள்ளேயிருந்து, "அதான் இல்லங்குறானுல்ல" என்றாள். சின்னய்யா கொஞ்ச நேரம் நூலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப ஓரத்துல எழுதிரு" என்றார். பென்சிலால் எழுதினேன். லோடு நின்றது என்பதையும் சேர்த்து எழுதினேனா என்று இரண்டு தடவை கேட்டார்.